கல்வரைபடமும் மிதிவண்டியும்

வூ நாட்டு மன்னன் ஹெலூவுக்காகக் கி.மு. 514இல் அமைச்சர் வூ சிசூ எழுப்பிய தலைநகரே சீனத்தின் சூச்சௌ என்பது மரபு. இந்நகரின் அமைப்பைக் கி.பி. 1229இல் கற்பலகையொன்றில் வரைபடமாகச் செதுக்கினர். பிங்ஜியாங் வரைபடம் எனப்படும் அக்கல்லில் தெருவும் கால்வாயும் இணைந்தே ஓடுகின்றன. வீட்டின் முன்வாயில் தெருவுக்கு, பின்வாயில் நீருக்கு.

இங்குக் குடியிருக்கும் அயல்நாட்டார் ஒருவர் மிதிவண்டியேறிப் பிங்ஜியாங் சாலைப் பக்கம் சென்றால், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய அக்கல்லே இன்றும் வழிகாட்டக் காண்பார். தெருக்கள் ஏன் இத்துணைக் குறுகலாயின? பெருஞ்சுமை யாவும் படகில் சென்றமையால். வளைவுப் பாலத்தின் படிகளில் வண்டியைத் தூக்கிச் செல்ல நேரும்போது இது நன்கு விளங்கும். படகு தடையின்றிப் போகவே பாலம் முதுகை உயர்த்தியது; மேலே செல்வோர் வசதி அடுத்ததே.

ஆயினும் கல் காட்டும் இடமெல்லாம் இன்று நீரில்லை. இருபதாம் நூற்றாண்டில் கால்வாய்கள் பல தூர்க்கப்பட்டன. அவ்விடங்களில் வண்டி எளிதாக ஓடும். நகரின் பொருள்தான் புலப்படாது. பழைய நகர் முழுவதையும் காக்கும் திட்டத்துக்கு 1986இல்தான் அரசு இசைவளித்தது. 1997இல் உலக மரபுரிமைப் பெருமை முதலில் தோட்டங்களுக்கே கிடைத்தது. பெருங்கால்வாய் 2014 வரை காத்திருந்தது. தென்மேற்கே, 1351இல் மீளக் கட்டப்பெற்ற பான் வாயில், தரைக்கொரு வழியும் நீருக்கொரு வழியுமாக அருகருகே திறந்து நிற்கிறது.