விழுப்புரத்துக் கணேசனும் 2,000 அடி பிலிமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1928 அக்டோபர் 1 அன்று நம் விழுப்புரத்தில் பிறந்தவர் வி. சி. கணேசன். 'வி' என்றால் விழுப்புரம், 'சி' என்றால் தந்தை சின்னையா. அன்று நம் ஊர் தென்னார்க்காடு மாவட்டம். சிறு வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடம் உட்படப் பல வேடங்கள் கட்டியவர். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்த கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது.

வேலூர்க்காரரான நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள் முதலியார், ஏ.வி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 'பராசக்தி' படத்தைத் தொடங்கினார். வசனம் கலைஞர் மு. கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. கதாநாயகனாக நம் கணேசனைப் போட்டார். மாதச் சம்பளம் 250 ரூபாய். கேமரா முன்னால் கணேசன் முதலில் பேசிய சொல் 'சக்சஸ்' என்பார்கள். அவர் நின்று பேசிய இடத்தில் ஏ.வி.எம். ஸ்டுடியோவில் பிற்காலத்தில் நினைவுச் சின்னமே வைத்தார்கள்.

ஆனால் அந்தச் சொல் உடனே பலிக்கவில்லை. 2,000 அடிக்கு மேல் பிலிம் ஓடிய பிறகும் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லை. பையன் மிகவும் ஒல்லி, இவருக்குப் பதில் கே. ஆர். ராமசாமியைப் போடலாம் என்றார்.

ஒரு சின்னக் கணக்கு. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 2,000 அடி என்பது சுமார் 22 நிமிடம். பத்து வயதிலிருந்தே மேடையே கதியாக இருந்த ஒருவரின் எதிர்காலம் அந்த 22 நிமிடத்தில் ஊசலாடியது.

செட்டியாரைக் குறை சொல்லவும் முடியாது. அன்று எடுத்ததை உடனே பார்க்க வழியில்லை. லேபில் கழுவி, பிரிண்ட் போட்டு, திரையில் ஓட்டினால்தான் தெரியும். கறுப்பு வெள்ளையில் எல்லா நிறமும் சாம்பலாகிவிடும், மேக்கப் எப்படி விழும் என்பதும் அப்போதுதான் புரியும். ஒவ்வோர் அடியும் காசு. தொழில் தெரிந்தவர் அவர். தமிழில் பின்னணிப் பாடலை முதலில் கையாண்டதாகச் சொல்லப்படும் 'நந்தகுமார்' (1938) அவர் எடுத்த படம்தான்.

பெருமாள் முதலியார் அசையவில்லை. கணேசன்தான் நடிப்பார் என்று உறுதியாக நின்றார். திருப்தி தராத ஆரம்பக் காட்சிகளைப் பின்னால் திரும்ப எடுத்தார்கள். ஆளை மாற்றவில்லை, காட்சியை மாற்றினார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளிக்குப் படம் வந்தது. முழுப் படத்தையும் பார்த்த செட்டியாருக்கும் திருப்தி. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கியவரும் அதே கணேசன்தான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? திண்டிவனத்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் மகன் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு வீடியோ எடுக்கிறான். ஏரிக்கரையில் சாயங்காலம் டெஸ்ட் ஷாட் எடுத்துப் பார்த்தார்களாம். "முகம் கறுப்பா விழுது, வேற ஆளைப் போடலாம்" என்று நண்பர்கள் சொல்ல, பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நீங்க கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றாள். அந்த வீடியோவை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். சூரியன் பையன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னால் வானம் பளீரென்று இருந்தால் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருட்டாகும். யார் நின்றாலும் அப்படித்தான் விழும்.

பிள்ளைகளே, டெஸ்ட் ஷாட் ஆளைக் கழிப்பதற்கு எடுப்பது அல்ல. வெளிச்சம், கோணம், உடை, வாயசைவு நான்கையும் திருத்துவதற்கு எடுப்பது. திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள். வெயில் முகத்தில் சாய்வாக விழும்படி ஆளைத் திருப்பி நிறுத்துங்கள். பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டு, வாயை மட்டும் அசைக்காமல் உண்மையாகவே பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பும் கன்னமும் அசைந்தால்தான் பாடுகிறான் என்று நம்ப முடியும். உங்கள் போனில் 22 நிமிடத்துக்குப் பத்துப் பைசா செலவில்லை. திரும்பத் திரும்ப எடுங்கள்.

இன்னொன்று. சிவாஜி எவ்வளவோ உயரத்துக்குப் போன பிறகும் ஆண்டுதோறும் பொங்கலன்று வேலூருக்குப் போய்ப் பெருமாள் முதலியாரிடம் ஆசி வாங்குவார். நம் விழுப்புரம் ஜங்ஷனில் காட்பாடி ரயில் ஏறினால் வரும் அதே வேலூர்தான். நடிக்கிற பிள்ளைக்குத் திறமை வேண்டும், உண்மைதான். "இவன்தான், இன்னொரு தடவை எடுப்போம்" என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும். அந்த நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லட்டும்.

உங்களுக்காக அப்படி யார் நின்றார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது. எல்லோருக்கும் என் ஆசிகள்.