ட்ரிப்ஸ் ஏன் ஒரு மணி நேரம்? ஒரு வைரஸ் மருந்தின் கதை

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு ஊசி மருந்தைப் பத்தி. பேரு அசைக்ளோவிர். சின்னக் குப்பிக்குள்ள வெள்ளைப் பொடியா 500 மில்லிகிராம் இருக்கும். 10 மில்லி தண்ணியில கரைஞ்சிடும். சிரிஞ்சுல எடுத்து நரம்புல போட்டா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அப்படிப் போடக்கூடாது. அதை இன்னும் நீர்க்க வெச்சு, ட்ரிப்ஸா, குறைஞ்சது ஒரு மணி நேரம் எடுத்துத்தான் ஏத்தணும். ஏன்? அதுக்குப் பதில் தேடப் போனா, வைரஸுக்கு மருந்தே கிடையாதுன்னு நம்பின காலத்துக்குப் போக வேண்டியிருக்கு.

முதல்ல எதிரி யாருன்னு பார்த்துடுவோம். ஹெர்பிஸ் என்பது கிரேக்கச் சொல். ‘ஊர்வது’ என்று பொருள். உதட்டில் வரும் கொப்புளம், பிறப்புறுப்பில் வரும் புண், சின்னம்மை, நம்ம ஊர்ல ‘அக்கி’ன்னு சொல்ற வரிசைக் கொப்புளம், இவை எல்லாம் இந்த ஒரே குடும்பத்து வைரஸ்களின் வேலைதான். இவை ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால் நரம்பு முடிச்சுகளில் பதுங்கி ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பெரும்பாலும் பெரிய தொந்தரவு இருக்காது. தானா ஆறும், இல்லேன்னா மாத்திரையில அடங்கிடும்.

ஆபத்து எப்போன்னா, இந்த வைரஸ் மூளைக்குப் போகும்போது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு. சிலருக்கு நடத்தையே மாறிவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பலர் நினைவையோ பேச்சையோ இழந்தார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கும், உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் இதே குடும்பத்து வைரஸ்கள் உயிருக்கு உலை வைக்கும். ஊசி மருந்து தேவைப்படுவது இங்கேதான்.

சரி, 1950களுக்குப் போவோம். பாக்டீரியாவுக்கு பென்சிலின் வந்தாச்சு. வைரஸுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல? காரணம் இருக்கு. பாக்டீரியா தனி உயிர். அதுக்குன்னு சொந்தமா இயந்திரம் வெச்சிருக்கும், அதைப் பார்த்து அடிக்கலாம். வைரஸ் நம்ம செல்லுக்குள்ள புகுந்து நம்ம இயந்திரத்தையே ஓட்டும். அதை அடிச்சா நமக்கும் அடி விழும். இதுதான் அன்றைய மருத்துவ உலகின் பொதுவான நம்பிக்கை.

1959இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃப் ஐடாக்ஸ்யூரிடின் என்ற மருந்தைத் தயாரித்தார். அது ஹெர்பிஸ் தாக்கிய கண்ணில் சொட்டாகப் போட்டபோது வேலை செய்தது. 1960களின் தொடக்கத்தில் கண்ணுக்கு மருந்தாக அங்கீகாரமும் கிடைத்தது. கண்ணுல வேலை செய்யுதுன்னா, மூளைக்காய்ச்சலுக்கும் நரம்பு வழியா ஏத்திப் பார்க்கலாமேன்னு டாக்டர்கள் யோசிச்சாங்க. கண் முன்னாடி நோயாளி செத்துக்கிட்டிருக்கும்போது வேற என்ன தோணும்? சிலர் பிழைத்ததாகத் தகவல்களும் வந்தன.

ஆனால் முறையான பரிசோதனை நடந்தபோது உண்மை வேறாக இருந்தது. மருந்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கியது. ரத்த அணுக்கள் குறைந்தன. நோயும் அடங்கவில்லை. பரிசோதனை நிறுத்தப்பட்டு, 1975இல் முடிவு வெளியானது. சொட்டு மருந்தா கண்ணுக்கு நல்லது செஞ்ச அதே பொருள், ரத்தத்துல போனதும் விஷமா மாறிடுச்சு. ஒரு மருந்தை எந்த வழியா கொடுக்கிறோம் என்பதும் மருந்தின் ஒரு பகுதிதான். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அடுத்தது வைடராபின். ரிச்சர்ட் விட்லி என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1977இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்தில்லாத ட்ரிப்ஸ் பெற்ற 10 பேரில் 7 பேர் இறந்தார்கள். வைடராபின் பெற்ற 18 பேரில் 5 பேர் இறந்தார்கள். வைரஸ் நோயிலிருந்து உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அது பெரிய சான்று. அப்போதெல்லாம் நோயை உறுதி செய்ய மண்டை ஓட்டில் துளை போட்டு மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

வைடராபினிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் நிறைய நீரில் கலந்து, பல மணி நேரம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே வீங்கிப் போன மூளைக்கு அவ்வளவு நீர் நல்லதல்ல.

இந்த நேரத்துலதான் கெர்ட்ரூட் எலியன் கதைக்குள்ள வர்றாங்க. நியூயார்க்கில் பிறந்தவர். பெண் என்பதால் ஆரம்பத்தில் ஆய்வகங்களில் வேலை மறுக்கப்பட்டவர். முனைவர் பட்டப் படிப்பை முடிக்காதவர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் அவருடைய குழுவும் வேதியியலாளர் ஹோவர்ட் ஷேஃபரும் சேர்ந்து உருவாக்கியதுதான் அசைக்ளோவிர். 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மருந்தின் சூட்சுமம் ரொம்ப அழகு. வைரஸ் பெருக வேண்டுமானால் தன் டிஎன்ஏவை ரயில் பெட்டிகளைக் கோப்பது போல ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். அசைக்ளோவிர் பார்க்க ஒரு பெட்டி மாதிரியே இருக்கும், ஆனா பின்பக்கக் கொக்கி கிடையாது. அது சேர்ந்ததும் ரயில் அதோட நின்னுடும். அப்போ நம்ம செல்லோட ரயிலும் நிக்காதா? பெரும்பாலும் நிக்காது. ஏன்னா இந்தப் பெட்டி முதல்ல உயிர் பெறணும்னா ஒரு நொதி தேவை. அந்த நொதி ஹெர்பிஸ் வைரஸ்கிட்டதான் இருக்கு. நம்ம நொதி இந்த மருந்தை அநேகமா கண்டுக்கறதே இல்ல. வைரஸ் இருக்கும் செல்லில் மட்டும் மருந்து விழித்துக்கொள்கிறது. வைரஸை அடித்தால் நமக்கும் அடி விழும் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைந்தது.

1984இல் ஸ்வீடன் மருத்துவர்கள் வைடராபினையும் அசைக்ளோவிரையும் ஒப்பிட்டார்கள். இறப்பு விகிதம் வைடராபினில் 50 சதவீதம், அசைக்ளோவிரில் 19 சதவீதம். 1986இல் விட்லி குழுவின் முடிவும் அதே பக்கம் நின்றது: 54க்கு 28.

அப்போ இது ஆபத்தே இல்லாத மருந்தா? இல்ல. செல்லை விட்டுவைத்த மருந்து சிறுநீரகத்தில் மாட்டிக்கொண்டது. உடம்பு இந்த மருந்தைப் பெரிதாக உடைப்பதில்லை. பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. ஆனால் உடல் சூட்டில் ஒரு மில்லி தண்ணீரில் சுமார் 2.5 மில்லிகிராம்தான் கரையும். ஒரேயடியாக ஊசியில் தள்ளினால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அந்த அளவு தாண்டிவிடும். மருந்து ஊசி ஊசியான படிகமாக மாறிக் குழாயை அடைத்துவிடும். வேகமாக ஏற்றப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதை 1980களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள்.

‘ஒரு மணி நேரம்’ என்ற விதி அங்கிருந்துதான் வருது. கூடவே மத்த விதிகளும். உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்க வேண்டும். எடைக்கு ஏற்பவும் சிறுநீரகத்தின் திறனுக்கு ஏற்பவும் அளவைக் கணக்கிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் சுமார் 3 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும். சிறுநீரகமே வேலை செய்யாவிட்டால் அதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். அப்படித் தேங்கினால் குழப்பம், பிதற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம். கொடுமை என்னன்னா, மூளைக்காய்ச்சலோட அறிகுறிகளும் இதே மாதிரிதான் இருக்கும். நோய் முத்துதா, மருந்து மிஞ்சுதான்னு டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இந்தக் கரைசல் கடுமையான காரத்தன்மை கொண்டது. கரைத்ததும் அதன் பிஹெச் சுமார் 11. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கும். அதனாலதான் இதைத் தசையிலயோ தோலுக்கு அடியிலயோ போடறதில்ல. கரைத்ததை ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது, குளிரில் படிந்துவிடும்.

இவ்வளவு எச்சரிக்கையா சொல்றதால இந்த மருந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாமதம்தான் இதைவிடப் பெரிய ஆபத்து. இன்று மூளையில் துளை போடுவதில்லை. முதுகுத்தண்டு நீரில் பிசிஆர் பரிசோதனை செய்கிறார்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட் வரும் வரைகூடக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். மூளைக்காய்ச்சலுக்கு 14 முதல் 21 நாள் வரை, பொதுவாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாலு நாள்ல தெளிஞ்சுட்டார்னு நிறுத்தக் கூடாது. தொடங்குறதுல அவசரம், ஏத்துறதுல நிதானம். இத்தனை வருஷ அனுபவத்தைச் சுருக்கினா அவ்வளவுதான்.

அளவு எவ்வளவுன்னு முடிவு பண்றது டாக்டர் வேலை. ஆனா அட்டெண்டரா பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நமக்கும் சில வேலை உண்டு. கிட்னி பிரச்சினை இருந்தாலோ, வலி மாத்திரை அடிக்கடி சாப்பிட்டாலோ முதல்லயே சொல்லிடணும். ஊசி குத்தின இடம் எரியுது, வீங்குதுன்னு நோயாளி சொன்னா உடனே நர்ஸைக் கூப்பிடணும். சிறுநீர் குறைஞ்சாலோ, பேச்சு திடீர்னு தடுமாறினாலோ அதையும் சொல்லணும். முக்கியமா, மணி ஆகுது, சீக்கிரம் முடியட்டும்னு ட்ரிப்ஸ் வீலை நாமளே திருப்பி வேகம் கூட்டக் கூடாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.