சோதனையைச் சோதித்தல்

ஒரே பொருளை இருமுறை சோதித்தால் இருமுறையும் ஒரே விடை வருதல் வேண்டும். வாராவிடின், குறை பொருளில் உளதா, சோதனையில் உளதா என்பதே முதல் வினாவாகின்றது. இவ்வினா மலேசிய மண்ணுக்குப் புதியதன்று.

மேருவும் காப்பாரும் அடங்கிய கிள்ளான் வட்டாரம் பால்மரத் தோட்டங்களால் பெயர் பெற்றது. புகையூட்டிய இரப்பர்த் தாளின் தரத்தை நெடுங்காலம் கண்ணே தீர்மானித்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்து, அழுக்கும் பூஞ்சையும் குமிழியும் உளவா எனப் பார்த்துத் தரம் குறித்தனர். பார்ப்பவர் மாறினும் வெளிச்சம் மாறினும் தரமும் மாறக்கூடும். 1965ஆம் ஆண்டில் வந்த மலேசியத் தர இரப்பர்த் திட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. அழுக்கு, சாம்பல் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரங்காணும் முறை அதனால் நிலைபெற்றது.

பின்னர், பிராங் பெசார் என்னும் புகழ்பெற்ற இரப்பர்த் தோட்டம் புத்ராஜெயா நகரமாயிற்று. அதனை அடுத்து 1997இல் சைபர்ஜெயா திறக்கப்பெற்றது. தோட்டத்தின் பக்கத்தே மென்பொருள் தொழில் குடியேறியது. பழைய வினாவும் புதிய உருவில் உடன் வந்தது.

மென்பொருளை மனிதர் ஒவ்வொரு முறையும் கையால் சோதித்தல் இயலாது. ஆதலின், ஒரு நிரல் சரியாக இயங்குகின்றதா என்று பார்க்க மற்றொரு நிரலை எழுதிவைப்பர். இதுவே தானியங்கிச் சோதனை. 1997இல் சூரிச்சு நகரிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த வானூர்தியில் கெண்ட் பெக்கு, எரிக் காமா ஆகிய இருவரும் எழுதத் தொடங்கிய ஜேயூனிட் என்னும் கருவி இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

ஆயின், ஒன்றும் மாறாதிருக்கவும் காலையில் 'சரி' என்றும் மாலையில் 'தவறு' என்றும் உரைக்கும் சோதனைகள் பெருகின. ஒரே விடைத்தாளுக்குக் காலையில் எழுபதும் மாலையில் நாற்பதும் இடும் தேர்வாளரை ஒத்தவை இவை. மறுமுறை முயன்றால் மறைந்துவிடும் பிழைகளைப் பற்றி ஜிம் கிரே என்னும் கணினி அறிஞர் 1985லேயே எழுதியிருந்தார். சோதனைகளிலும் அத்தகைய மாயம் உண்டென்பது பின்னர் விளங்கியது.

இதன் காரணங்களை இல்லினாய்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014இல் ஆராய்ந்தனர். அப்பாச்சி அமைப்பின் 51 திட்டங்களில் செய்யப்பட்ட 201 திருத்தங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வகைப்படுத்த இயன்றவற்றுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை மூன்று காரணங்களுள் அடங்கின. வரவேண்டிய விடைக்குப் போதிய அளவு காத்திராமை முதலாவது. ஒரே நேரத்தில் நிகழும் செயல்கள் ஒன்றோடொன்று மோதுதல் இரண்டாவது. ஒரு சோதனை விட்டுச்சென்ற எச்சம் அடுத்த சோதனையைக் கெடுத்தல் மூன்றாவது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. கூகுள் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கு ஏறத்தாழ 16 விழுக்காட்டுச் சோதனைகளில் ஓரளவேனும் நிலையாமை இருந்தது. 'சரி' என்பதிலிருந்து 'தவறு' என மாறிய விடைகளுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டில் இத்தகைய சோதனைகளின் தொடர்பு காணப்பட்டது. 'புலி வருது' என்று வீணே கூவிய சிறுவன் கதையை அறியாதார் யார்? பொய்யெச்சரிக்கை பழகிய பணியாளர், மெய்யெச்சரிக்கை வரும்போதும் மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அமைதியுறுவர். அந்த அமைதியிலேதான் உண்மைப் பிழை தப்பிப் பயனாளரிடம் சென்று சேர்கின்றது.

இதற்கு மருந்து யாது? மீண்டும் மீண்டும் ஓட்டுதல் நோயை மறைக்குமேயன்றி நீக்காது. நிலையாச் சோதனைகளை நல்லவற்றினின்று பிரித்து ஒதுக்கிவைக்குமாறு மார்ட்டின் ஃபௌலர் 2011இல் வலியுறுத்தினார். ஆனால் ஒதுக்கியது மறக்கப்படலாகாது. ஒதுக்கத்தக்க எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் வரம்பு வேண்டும் என்பதையும் அவர் சுட்டினார். அதன்பின் காரணத்தைக் கண்டு களைதலே முறை. இத்தனை நொடி காத்திரு என்னாது, விடை வரும்வரை காத்திருக்கச் செய்தல், ஒவ்வொரு சோதனையையும் தூய நிலையிலிருந்து தொடங்குதல், கடிகாரத்தையும் தற்செயல் எண்களையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியன இதற்குரிய வழிகள்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தள்ளாடும் சோதனை யாவும் பொய்யன்று. சிலபோது தள்ளாடுவது நிரலேயாம். ஆராயாது சோதனையைப் பழித்து நீக்குவோர் நோயைச் சொன்ன மருத்துவனை விரட்டியவராவர்.

இரப்பர்த் தாளாயினும் நிரலாயினும், அளக்கும் கோல் நேராக இருந்தாலன்றி அளவில் நம்பிக்கை பிறவாது. கோலை அடிக்கடி அளந்து பார்த்தல் வீண்வேலையன்று. தொழிலின் நேர்மை அதனையே பற்றி நிற்கின்றது.