கொப்பரையும் எடைமேடையும்: கொங்குக் கரும்பில் தழைச்சத்து மேலாண்மையின் வரலாறு

கரும்புக்கு இலைப் பசுமையையும் தண்டு வளர்ச்சியையும் தரும் நைட்ரஜன், உழவர் வழக்கில் தழைச்சத்து எனப்படுகிறது. அவிநாசி உள்ளிட்ட கொங்கு வட்டாரங்களில் கிணற்றுப் பாசனத்தை நம்பி விளைந்த கரும்புக்கு இச்சத்து நெடுங்காலம் ஆட்டுப்பட்டி, தொழுவுரம், பிண்ணாக்கு, சணப்புப் பசுந்தாள் ஆகியவற்றிலிருந்தே கிடைத்தது. அளவு மீறி இடுவதற்கு அப்போது வழி குறைவு. மீறினாலும் வெல்லம் காய்ச்சும் கொப்பரை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தழைச்சத்து மிகுந்த கரும்பு முற்றுவதற்குத் தாமதமாகி, சாற்றில் சுக்ரோஸ் குறைந்து, எளிய சர்க்கரைகளான குளுக்கோசும் ஃபிரக்டோசும் கூடுவதால், பாகு சரியாக இறுகாது. வெல்லம் கருத்து, ஈரக்காற்றில் கசியும். நிறம் பார்த்து விலை பேசும் சந்தையில் இந்த இழப்பு நேராக உழவரையே சேர்ந்தது.

கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்கள், மண்ணில் இடும் சத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவை ஆண்டுக்கணக்கில் அளந்தன. 1912-இல் அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையம் பார்பர், வெங்கட்ராமன் ஆகிய ஆய்வாளர்களின் உழைப்பால் 'கோ' கரும்பு இனங்களை உலகுக்கு அளித்தது. கூடுதல் விளைச்சல் தரும் இனங்கள் மண்ணிலிருந்து கூடுதல் சத்தையும் எடுத்தன. அந்தத் தேவையை நிறைவுசெய்ய ஆலுவாயில் 1947-இல் உற்பத்தி தொடங்கிய அம்மோனியம் சல்பேட்டும், பின்னர் 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியாவும் வந்து சேர்ந்தன.

இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் உர மூட்டையில் அன்று, விற்பனை இடத்தில்தான் நிகழ்ந்தது. கிருஷ்ணாபுரம், ஆப்பக்கூடல் போன்ற ஊர்களில் சர்க்கரை ஆலைகள் எழுந்தபின், கரும்பு கொப்பரைக்குப் போகாமல் எடைமேடைக்குப் போனது. மத்திய அரசின் கரும்பு விலை, பிழிதிறன் எனப்படும் சர்க்கரைக் கட்டுமானத்தைச் சார்ந்ததே எனினும், அது ஆலையின் சராசரியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஒரு தோட்டத்துச் சாறு தரம் குறைந்தாலும் அந்த உழவருக்கு அது தெரிவதில்லை. 2010-இல் சத்து அடிப்படையிலான உர மானியம் வந்தபோது யூரியா அதற்குள் சேர்க்கப்படாததால், மற்ற உரங்களின் விலை ஏற, யூரியா மட்டும் மலிவாகவே நீடித்தது. மிகையான பயன்பாட்டுக்கு உழவரின் அறியாமையைக் காரணம் காட்டுவது இந்நிலையில் நியாயமன்று.

இதற்கிடையே ஆய்வு தன் வழியில் நுட்பமடைந்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகள் எக்டேருக்கு ஆற்று, கால்வாய்ப் பாசனத்தில் 275 கிலோ, இறைவைப் பாசனத்தில் 225 கிலோ, வெல்லக் கரும்புக்கு 175 கிலோ எனத் தழைச்சத்தைப் பிரித்து, நடவிலிருந்து 30, 60, 90-ஆம் நாள்களில் மூன்று சம பங்காக இடச் சொல்லின. கொப்பரையின் பழைய கண்டிப்பு வெல்லக் கரும்புக்கான அந்த 175 கிலோவில் பதிந்திருக்கிறது. யூரியாவை மேலாகத் தூவினால் அம்மோனியாவாகிக் காற்றில் கலக்கும் என்பதால் கரும்பு வரிசையை ஒட்டி இட்டு மண் மூடுவதும், வேப்பம் பிண்ணாக்கு கலந்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாயிற்று. சொட்டுநீர்க் குழாய் வழியே உரத்தைச் சிறுகச் சிறுகத் தருவது இன்றைய முறை.

பயிர் எடுக்காத நைட்ரேட் கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது. அதே நீரை இறைக்கும்போது அது மீண்டும் வயலுக்கே திரும்புகிறது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, பவானியின் உபரிநீர் குளங்களை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்த முனைந்திருப்பதால், கிணற்று நீரின் நைட்ரேட் அளவும் மாறக்கூடும். அவிநாசி வட்டாரத்துக்கான உரப் பரிந்துரையை வகுக்கையில் மண்ணோடு கிணற்று நீரையும் சோதித்து, அதிலுள்ள தழைச்சத்தை யூரியாவிலிருந்து கழித்துக்கொள்வது இனி தவிர்க்க முடியாதது.