புள்ளியா, கோடா, பரப்பா?
வரைபடம் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிய வரலாறு



சிலாங்கூர் மாநிலத்தின் வரைபடத்தை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். அதன் நடுவே கோலாலம்பூர் இருக்கிறது. ஆனால், 1974இல் கூட்டரசுப் பிரதேசமான நாளிலிருந்து கோலாலம்பூர் சிலாங்கூரைச் சேர்ந்ததல்ல. 2001இல் புத்ராஜெயாவும் அவ்வாறே பிரிந்தது. ஆக, சிலாங்கூரின் பரப்பில் இரண்டு துளைகள் உள்ளன.

தாளில் பார்க்கும் நமக்கு இது உடனே புரிகிறது. கணினிக்கு நாம் சொன்னால்தான் புரியும். துளைகளைப் பதிவு செய்ய மறந்துவிட்டு, "பிரிக்பீல்ட்ஸில் உள்ள இந்த வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "சிலாங்கூர்" என்றும் வரும், "கோலாலம்பூர்" என்றும் வரும். ஒரே குடும்பம் இரண்டு கணக்கில் ஏறிவிடும். கணினி எந்தப் பிழையும் காட்டாது.

வரைபடத்தைப் பார்ப்பது வேறு, வரைபடத்திடம் கேள்வி கேட்பது வேறு. இந்த வேறுபாட்டை மனிதன் எப்படிக் கற்றான் என்பதே இன்றைய உரை.

1854ஆம் ஆண்டுக்குப் போவோம். லண்டன் நகரின் சோஹோ வட்டாரத்தில் காலரா பரவியது. பத்தே நாட்களில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடிநீர் வழியாகவே நோய் பரவுகிறது என்று வாதிட்டார் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். அவருடைய வாதத்தைக் கேட்டு, செப்டம்பர் 8ஆம் தேதி பிராட் தெருவில் இருந்த தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். புகழ்பெற்ற அவருடைய வரைபடம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதில் ஒவ்வொரு மரணத்தையும் அந்தந்த வீட்டருகே ஒரு கறுப்புக் கட்டையாகக் குறித்தார். குழாய்களைப் புள்ளிகளாக வைத்தார். பின்னர் ஒரு கோடும் வரைந்தார். பிராட் தெருக் குழாய்க்கும் சுற்றியுள்ள மற்றக் குழாய்களுக்கும் தெரு வழியே நடந்தால் சம தூரமாக அமையும் இடங்களை இணைத்த கோடு அது. அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்குப் பிராட் தெருக் குழாயே அருகில் இருந்தது. புள்ளி, கோடு, பரப்பு என்ற மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லின.

அந்த வட்டாரத்திலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் இல்லம் ஒன்று இருந்தது. சுற்றிலும் மரணங்கள் நிகழ, அங்கே காலராவால் இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. காரணம், அந்த வளாகத்துக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது. அந்த இல்லத்தை வெறும் புள்ளியாகக் குறித்திருந்தால், "கிணறு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?" என்ற கேள்வியே எழாது. புள்ளிக்கு உள், வெளி என்று ஏதும் கிடையாதல்லவா?

அடுத்த பெரிய அடி 1960களில் கனடாவில் எடுத்து வைக்கப்பட்டது. பரந்த அந்த நாட்டில் எந்த நிலம் விவசாயத்துக்கு ஏற்றது, எது காட்டுக்கு, எது வனவிலங்குக்கு என்று அரசாங்கம் கணக்கெடுக்க முனைந்தது. ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றை வைத்துக் கையால் பரப்பளவைக் கணக்கிட்டால் ஆட்களும் ஆண்டுகளும் போதமாட்டா. ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர், எல்லைக்கோடுகளை எண்களாக்கிக் கணினியிடம் கொடுக்கலாம் என்றார். ஐபிஎம் நிறுவனத்தின் துணையுடன் கனடா புவியியல் தகவல் முறை உருவானது. இரு நிலங்களுக்கு இடையே உள்ள எல்லையை ஒரு முறை மட்டும் பதிந்து, அதன் இடப்பக்கம் எந்த நிலம், வலப்பக்கம் எந்த நிலம் என்று குறித்து வைத்தார்கள்.

1970இல் எட்கர் காட் என்ற அறிஞர், தகவல்களையெல்லாம் அட்டவணைகளாக அடுக்கும் முறையை முன்வைத்தார். பெயர், வயது, முகவரி ஆகியவை கட்டங்களில் எளிதில் அடங்கின. ஆனால், ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கொண்ட ஒரு மாநில எல்லையை ஒரு கட்டத்தில் எப்படி அடக்குவது? பல மென்பொருள்களில் வடிவங்கள் ஒரு கோப்பிலும் விவரங்கள் வேறொரு கோப்பிலும் இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியே சென்றது.

இதற்கு ஒரு பொது விதி செய்ய 1994இல் ஓபன் ஜிஐஎஸ் கூட்டமைப்பு தோன்றியது. 1999இல் வெளியான அதன் விதிப்படி, வடிவமும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக அமரலாம். வகைகள் ஏழு: புள்ளி, கோடு, பரப்பு, பல புள்ளிகள், பல கோடுகள், பல பரப்புகள், இவை யாவும் கலந்த தொகுப்பு. 2001இல் கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் வெளிவந்தது. "உள்ளே இருக்கிறதா? தொடுகிறதா? வெட்டுகிறதா? எவ்வளவு தூரம்?" என்று அட்டவணையிடமே யாரும் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

இங்கேதான் கவனம் தேவை. பினாங்கு மாநிலம் தீவும் செபராங் பிறையும் சேர்ந்தது. ஆகவே அது "பல பரப்புகள்" வகை. "பரப்பு" மட்டுமே ஏற்கும் நெடுவரிசையில் அதை இட்டால், வகை பொருந்தவில்லை என்று போஸ்ட்ஜிஐஎஸ் மறுத்துவிடும். அவசரப்பட்டு அதை இரண்டு வரிசைகளாக உடைத்தால், மாநிலத்தின் மக்கள்தொகை இரண்டிலும் எழுதப்படும். கூட்டிப் பார்த்தால் பினாங்கு மக்கள் இரு மடங்காகிவிடுவார்கள்! மறுத்த மென்பொருள் நமக்கு நன்மையே செய்தது. அதன் எச்சரிக்கையைக் குறுக்கு வழியில் தாண்டியதுதான் தவறு.

கிள்ளான் ஆற்றைக் கோடாக வரைந்தால் அது எங்கே ஓடுகிறது என்று அறியலாம். வெள்ளம் வந்தால் எத்தனை வீடுகள் மூழ்கும் என்று கேட்க வேண்டுமானால், நீர் பரவும் இடத்தைப் பரப்பாகப் பதிந்திருக்க வேண்டும். எந்த வடிவம் என்பதை முடிவு செய்வது கணினியன்று. அட்டவணையை அமைக்கும் மனிதர்.

கணினி பயிலும் நம் பிள்ளைகள் வரைபடத்தில் முதல் புள்ளியை வைக்குமுன், நாளை இதனிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று யோசிக்கட்டும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்காரர் ஒரு முறை மட்டும் எண்ணப்படுவது அந்த யோசனையைப் பொறுத்தது.