ஊவாவின் மலைவழிகளும் வேகக்கார்களின் போட்டியும்

இரு வேகக்கார்களை ஒப்புநோக்குவோர் முதலிற் கேட்பது மூன்று எண்களையே. எஞ்சினின் பரிவலு எவ்வளவு, உச்ச வேகம் யாது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எய்த எத்தனை விநாடி செல்லும் என்பனவே அவை. இவ்வெண்கள் பொய்யல்ல, ஆயின் அவை சமதரையிற் பிறந்தவை. பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குச் செல்லும் பாதையில் அவற்றை மட்டும் கொண்டு ஒரு காரின் தகுதியைத் துணிதல், கடலோடும் தோணியைக் குளத்தில் மிதக்கவிட்டு மதிப்பிடுவதை ஒக்கும். ஊவாவிற் காரின் தகுதியை உரைப்பது பாதை. அப்பாதையின் வளைவுகளை வகுத்ததோ வண்டிமாடு. ஆதலின் கார்களின் கதையைப் பாதையின் கதையிலிருந்தே தொடங்குதல் தகும்.

ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலேயாம். அதற்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே பதுளைப் பகுதியின் நிர்வாகத்தை நடத்திய மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பார் இங்குப் பல வழிகளை அமைப்பித்தார். யானை வேட்டையிற் பேர்பெற்றிருந்த அவர் 1845ஆம் ஆண்டு யூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவைப் பதுளையிலுள்ள தூய மாற்கு ஆலயம் இன்றும் காத்துநிற்கின்றது. அதே காலத்தில் இலங்கை முழுவதிலும் வீதியமைப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் தோமஸ் ஸ்கின்னர். அவர்தம் திட்டங்களை மண்ணில் நிறைவேற்றிய பயனியர் படையில் தென்னிந்தியத் தமிழர் பலர் இருந்தனர். தோட்டங்களுக்குள் ஏறும் கிளைவழிகளையோ அவ்வத் தோட்டத்துத் தொழிலாளரே வெட்டித் திருத்தினர். யானை வேட்டையாடியவரின் பெயர் ஆலயத்தில் நிற்கின்றது. பாறை பிளந்தவரின் பெயர் எக்கல்லிலும் இல்லை. ஊவாவின் வீதி வரலாற்றை எழுதுவோர் இதனைக் கடந்து செல்லுதல் முறையன்று.

கோப்பி மூடைகளை இழுத்த மாடு ஏறக்கூடிய சாய்வுக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையைக் காத்தற்பொருட்டுப் பாதை மலையை நேரே ஏறாது, ஒவ்வொரு முகட்டையும் சுற்றிச் சுற்றிச் சென்றது. பின்வந்த புகையிரதமும் அதே நெருக்கடிக்கு உட்பட்டது. 1885இல் நானுஓயாவை அடைந்த இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேதான். 44 அடிக்கு 1 அடி என்னும் சாய்வை மீறாதிருத்தற்பொருட்டே தெமோதரையில் இருப்புப்பாதை வட்டமிட்டுத் தன் நிலையத்தின் கீழேயே புகுந்து செல்கின்றது.

இவ்வாறு மாட்டுக்கென வகுத்த வழியிலேதான் தோட்டத் துரைமாரின் கார்கள் ஓடின. ஓட்டம் பின்னர்ப் போட்டியாயிற்று. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்தில் 1,000 யார் நீளமான ஏற்றத்தில் 1905இல் மலையேற்றப் போட்டி தொடங்கியது. ஊவாவின் எல்லையை அடுத்த நுவரெலியாவில் மாகஸ்தோட்டைப் போட்டி 1934இல் தொடங்கிற்று. இதிற் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தேறும், மணிக்கூடே நடுவர். இரு கார்களை ஒப்பிடுதற்கு இதனினும் நேர்மையான முறை காண்டல் அரிது.

சான்றாக இரண்டு ஆங்கிலேயக் கார்களை எடுத்துக்கொள்வோம். 1945இல் வெளிவந்த எம். ஜி. டி. சி., 1,250 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 54 பரிவலுவும் உடையது. எடை ஏறத்தாழ 0.8 தொன். 1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஜகுவார் எக்ஸ். கே. 120, 3.4 இலீற்றர் எஞ்சினும் 160 பரிவலுவும் உடையது. எடை ஏறத்தாழ 1.3 தொன். (இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியதும் அதே 1948ஆம் ஆண்டிலேயே. கார் வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை.) பெயரிலுள்ள 120 என்னும் எண் மணிக்கு அத்தனை மைல் என்னும் வாக்குறுதியாம். 1949இல் பெல்ஜியத்து ஜபெக் நெடுஞ்சாலையில், முன்கண்ணாடியை நீக்கிவிட்டு, 132 மைலுக்கு மேலான வேகத்தை அது எய்திக் காட்டியது. எம். ஜி. அவ்வேகத்தின் மூன்றில் இருபங்கைக்கூடத் தொடமாட்டாது.

சமதரையில் வழக்கு அத்துடன் முடிந்தது. மலையில் அது மீண்டும் தொடங்குகின்றது. எடையொடு வைத்து நோக்கின், தொன் ஒன்றுக்கு ஜகுவார் 123 பரிவலுவையும் எம். ஜி. 67 பரிவலுவையும் தருகின்றன. மும்மடங்காகத் தோன்றிய வேறுபாடு இரு மடங்கினும் குறைந்துவிட்டது. அடுத்து வருவது காற்று. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிற் காற்று மெலிதாதலின் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கை இழக்கும். விகிதத்தில் இந்நட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ஆயினும் ஜகுவார் அங்கு இழப்பது எம். ஜி.யின் முழு வலுவிற் பாதிக்குச் சமமென்பது நகைப்புக்குரியதே. மூன்றாவது வளைவு. மாடு திரும்பிய வளைவில் நீண்ட காரும் எடை மிக்க காரும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். மீண்டும் வேகமெடுக்குமுன் அடுத்த வளைவு வந்துவிடும். இவ்வளவையும் கூட்டிப் பார்ப்பினும் ஏற்றத்தில் ஜகுவாரே முந்தும் என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் விலையும் எண்களும் உரைத்த தூரத்திற்கு அது முந்தாது.

இறக்கத்திலோ நிலைமை வேறு. அப்புத்தளையிலிருந்து பதுளைக்குள் இறங்கும் கார் ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்தை இழக்கின்றது. கால்தடையால் மட்டும் வேகத்தை அடக்குவதாயின், ஜகுவாரின் தடைகள் எம். ஜி.யின் தடைகளைவிட ஒன்றரை மடங்கிற்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கவேண்டும். எக்ஸ். கே. 120இன் உருளைத்தடைகள் சூடேறியதும் பிடிப்பை இழப்பன என்பது அக்காலத்திலேயே பலர் கூறிய குறை. ஜகுவார்க் கம்பனியே இதனை உணர்ந்து தட்டுத்தடைகளை நாடியது. அவற்றைப் பூட்டிய சி வகைக் காரைக்கொண்டு 1953இல் லமான் 24 மணி நேரப் போட்டியை வென்றது. வேகத்தினும் நிறுத்தும் ஆற்றலே வெற்றிக்கு வழி என்பதை ஊவாவின் லொறிச் சாரதி எவரும் அறிவர்.

சிறு கார் பெருங்காரை வென்ற கதையாக 1964ஆம் ஆண்டின் மொன்ரி கார்லோ ஓட்டத்தைப் பலர் எடுத்துரைப்பர். 1,071 கன சென்ரிமீற்றர் மினி கூப்பரில் பாடி ஹொப்கேர்க், 4.7 இலீற்றர் போர்ட் பல்கன் காரைப் பின்தள்ளினார். எனினும் எஞ்சின் அளவுக்கேற்பச் சலுகை தரும் விதி அன்று இருந்தது. வெறும் நேரக்கணக்கிற் பல்கனே விரைந்தது. ஒப்பீட்டின் முடிவு, ஒப்பிடும் விதியை எழுதுவோன் கையிலும் உண்டு.

1980இல் ஆடி குவாட்ரோ நான்கு சில்லுகளையும் எஞ்சினாற் சுழற்றி, வெளிவாயுவாற் காற்றை அழுத்தி ஊட்டும் ரேபோ முறையையும் சேர்த்தது. மெல்லிய காற்றினால் வரும் நட்டத்தை ரேபோ பெரும்பாலும் ஈடுசெய்யும். இவ்வழியில் வந்த இரு யப்பானியக் கார்கள், மிற்சுபிசி லான்சர் எவலூஷனும் சுபாரு இம்பிரேசாவும், இரண்டும் 1992இல் தோன்றியவை. இலங்கைப் பந்தயங்களில் இவை நெடுங்காலம் எதிரெதிர் நின்றன. இரண்டும் 2 இலீற்றர். யப்பானியக் கம்பனிகள் தம்முள் ஒத்துக்கொண்ட வரம்பினால் இரண்டுக்கும் அறிவித்த வலு 280. எண்கள் சமமாகிவிட்டமையின் நுட்பமே பேசவேண்டியதாயிற்று. சுபாருவின் எஞ்சின் உருளைகள் கிடையாகப் படுத்திருத்தலின் அதன் பாரம் தாழ்ந்துநிற்கும். எவலூஷனோ 1996 முதல், வளைவிற் பின்சில்லுகள் இரண்டுக்கும் வலுவை வேறுவேறாகப் பங்கிடும் அமைப்பைப் பெற்றது. உலகப் போட்டியிலும் வழக்குத் தீரவில்லை. 1996இலும் 1997இலும் தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கு. சாரதிப் பட்டமோ எவலூஷன் ஓட்டிய மக்கினனுக்கு. நெருங்கிய வளைவுகள் நிறைந்த மண்வழிக்கு எவலூஷனே ஏற்றதெனத் தோன்றுகின்றது.

அத்தகைய மண்வழி ஊவாவிலேயே உண்டு. 1900இல் போவர் போர்க்கைதிகளை அடைத்துவைத்த தியத்தலாவையில், பொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் வெண்கற்களால் நரியுருவம் அமைத்த மலைச்சரிவின் பெயரால் பொக்ஸ்ஹில் ஓட்டம் நடைபெற்று வந்தது. இது தனித்தேறும் போட்டியன்று. கார்கள் ஒருங்கே ஓடுவன. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தோர் ஓடுவழியோரத்து மண்திட்டுக்களில் நின்று பார்த்தனர். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் ஓடுவழியை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்துள் பாய்ந்தது. 7 பேர் இறந்தனர். அவர்களுள் ஓடுவழியிற் கடமையாற்றியோரும் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தனர். பரிவலுவையும் விநாடியையும் குறிக்கும் அட்டவணையில், ஓடும் காருக்கும் நிற்கும் மனிதருக்கும் இடையே எத்தனை அடி விடப்பட்டது என்பதற்கு ஒரு நிரல் இல்லை.