வெயில் ஊரில் கம்பளிக் குல்லா

சித்திரை மாதம், ராயபுரம் வெயில். திண்ணையில் உட்கார்ந்து என் மனைவி கம்பளி நூலில் சின்னச் சின்னக் குல்லாவாகப் பின்னிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, இந்த ஊர்ல இதை யார் போட்டுக்குவா?" என்றேன். "பொறந்த குழந்தைக்கு எல்லா ஊரும் குளிர்தாங்க" என்றாள். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறக்கும் ஏழைக் குழந்தைகளுக்காக எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து பின்னுகிறார்கள். உங்களில் பலரும் என்னைப் போலவே கேட்பீர்கள். அதனால் அந்தக் குல்லாவின் கதையைச் சொல்கிறேன்.

நம் பெண்கள் 'குரோஷா ஊசி' என்பது பிரெஞ்சுச் சொல். 'குரோஷே' என்றால் சின்னக் கொக்கி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். என் அக்கா கன்னியாஸ்திரீகளிடம் கற்றுக்கொண்டு மேசை விரிப்புகள் பின்னுவாள். நம் நாட்டில் அந்தக் கொக்கி பெரும்பாலும் பிறர் வீட்டு மேசைக்குத்தான் உழைத்தது. ஆந்திராவின் நரசாப்பூரில் 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. பின்னிய பெண்களுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு சொற்பம் என்பதைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

இனி குளிரின் கதை. பாரிஸில் தார்னியே என்ற பிரசவ மருத்துவர், மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, 1880-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கும் ஒரு வெப்பப் பெட்டி செய்ய வைத்தார். 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்த இடத்தில், அது 38 ஆகக் குறைந்தது. வேறு மருந்து ஒன்றும் இல்லை, கதகதப்புதான்.

பெட்டி போதாத ஊர்கள் என்ன செய்வது? 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்கிறோமே, அதுதான். அதில் குழந்தையின் தலைக்குக் குல்லா உண்டு. பிறந்த குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. ஈரத்தோடு வேறு வெளியே வருகிறது. நனைந்த உடம்போடு மின்விசிறிக்குக் கீழே நின்றால் நமக்கே நடுங்காதா? உலக சுகாதார நிறுவனம் 1997-இல் வெளியிட்ட கையேடு, பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது, குழந்தையை உடனே துடைக்க வேண்டும், உடனே குளிப்பாட்டக் கூடாது என்றது. இப்போது முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு 1976 கார்த்திகை நினைவுக்கு வந்தது. அப்போது நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். முதல் குழந்தை வீட்டிலேயே, நாள் நிறையும் முன் பிறந்தது. வெளியே அடைமழை. வழக்கப்படி உடனே குளிப்பாட்டினோம். மூன்றாம் நாள் உடம்பு சில்லென்று ஆகிப் போய்விட்டது. குளிப்பாட்டியதால்தான் போனது என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் செய்ததெல்லாம் அன்போடு செய்ததுதான். ஆனால் என் மனைவி மற்ற பெண்களைப் போல நடுவில் நிறுத்தாமல் ஏன் பின்னிக்கொண்டே இருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

2016 ஜனவரி 31 அன்று நம் சென்னையில் 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டரில் குரோஷா போர்வை பின்னி கின்னஸ் சாதனை செய்தது. அதைப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுப்பது என்பதே ஏற்பாடு. பிறர் மேசைக்கு உழைத்த கொக்கி நம் ஏழைகளுக்கும் உழைக்கத் தொடங்கிவிட்டது.

பின்ன விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: மெத்தென்ற நூலாக இருக்கட்டும், கழுத்தில் சுற்றக்கூடிய நாடா வேண்டாம். வீட்டுக்கு வந்த குழந்தைக்கு வெயில் காலத்தில் குல்லா போட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

நூல் வாங்க சௌகார்பேட்டைக்குப் போய்வருவது இப்போது என் வேலை.